ஒரு ஆள் தூக்குகிற பாரம்

என் அப்பா எந்தப் பொருளையும் முதலில் விலை கேட்கமாட்டார். தூக்கிப் பார்ப்பார். கடைக்குள் நுழைந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலைச் சற்று அகட்டி வைத்து, பிடித்த பொருளை இரண்டு கையாலும் பற்றித் தூக்குவார். நெஞ்சு வரைக்கும் வந்தால்தான் விலை பற்றிய பேச்சு. தரையை விட்டுக் கிளம்பாமல் அது அடம்பிடித்தால், "இது எங்களுக்குச் சரிவராது" என்று பொருளிடமே சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

நான் வேலை பார்ப்பது புதுக்கோட்டையில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில். ஃபிரிட்ஜ், பீரோ, வாஷிங் மெஷின், கிரைண்டர் என்று ஒரு ஆளால் தூக்க முடியாத சாமான்களை ஊருக்கெல்லாம் பேசிப் பேசி விற்கிறவள் நான். என் வீட்டில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. சில சனிக்கிழமைகளில் அப்பா கடைக்கு வந்து என் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். எங்கள் முதலாளி கல்லாவிலிருந்தபடி, "ஒங்கப்பாவ ஜிம்முக்குப் போகச் சொல்லும்மா, இங்க இடுப்புப் புடிச்சா நாந்தான பதில் சொல்லணும்" என்பார். சுவரில் மாட்டுகிற ஒல்லி டிவி வந்தபோது மட்டும் அப்பா உண்மையிலேயே மகிழ்ந்தார். அதை ஒரே கையில் ஏந்திக்கொண்டு, இதைக் கண்டுபிடித்தவன் அனுபவப்பட்டவனாக இருக்க வேண்டும் என்றார். டிவி வாங்கினோம்.

காரணம் கேட்டால் ஒரே பதில்தான். "நாங்கள் போற ஆக்கள்."

எங்கே போகிற ஆட்கள்? இலங்கைக்கு. மன்னார்ப் பக்கம் கடலோரத்தில் ஒரு கிராமம். சண்டைக்காலத்தில் அப்பாவும் அம்மாவும் என் அக்காவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு அங்கிருந்து படகேறி வந்தவர்கள். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, புதுக்கோட்டை மாவட்டத்து முகாமுக்கு லாரியில் அனுப்பினார்களாம். நான் இங்கே வந்தபின் பிறந்தவள். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் பிறந்து, பக்கத்து ஊர்ப் பள்ளியில் படித்து, இந்த ஊர்ப் பேச்சையே பேசி வளர்ந்தவள். இலங்கையைப் போனில் பார்த்ததோடு சரி. ஆனாலும் சர்க்காரைக் கேட்டால் நான் இலங்கைக்காரி. அங்கே போய் வாயைத் திறந்தால் இந்தியாக்காரி என்பார்கள். எங்கள் முகாமின் வாசல் பலகையில் இருந்த 'அகதிகள்' என்ற சொல்லைச் சில வருடங்களுக்கு முன் அழித்துவிட்டு 'மறுவாழ்வு' என்று எழுதினார்கள். அன்று சாயங்காலம் குழாயடியில் வழக்கம்போல் சண்டை நடந்தது. மறுவாழ்வு பெற்றவர்கள் இப்படியா அடித்துக்கொள்வது என்று நான் கேட்டதற்கு, குடத்தோடு என்னைத் துரத்தினார்கள்.

அப்பாவின் பார விதி பிறந்தது படகில். அம்மாவிடம் கையால் சுற்றுகிற தையல் மெஷின் ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு அவருடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. அதை ஒரு போர்வையில் சுற்றிப் படகில் ஏற்றிவிட்டார்கள். நடுக்கடலில் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியதும் படகுக்காரர், "பாரமான சாமான் எல்லாத்தையும் கடல்ல போடுங்கோ, இல்லாட்டி ஆக்களப் போடவேண்டி வரும்" என்றாராம். அப்பாதான் மெஷினைத் தூக்கிப் போட்டவர். மண்டபம் வந்து சேரும்வரை அம்மா அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதும் யாராவது அந்த மெஷினைப் பற்றி விசாரித்தால், "அது நல்லா இருக்கு, மீனுகள் சட்டை தைச்சுப் போடுதுகள்" என்பார் அம்மா. அப்பா அந்த இடத்தில் எழுந்து போய்விடுவார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு ஆள் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய சாமான்தான் இருக்கலாம் என்றாகிவிட்டது. கட்டில் கிடையாது, பாய்தான். பீரோ கிடையாது, பைகள்தான். அம்மிக்கல்லுக்குப் பதில் கையடக்கமான மிக்ஸி. மரம் வைக்கக்கூடாது, வேரை என்ன செய்வது என்பார். கொத்தமல்லி வைக்கலாம். கோழி வளர்க்கலாம், போகும்போது யாருக்காவது கொடுத்துவிடலாம். என்னைப் பள்ளியில் சேர்த்தபோதுகூட ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சேர்த்திருப்பார் என்பது என் சந்தேகம். அக்காவைத் திருச்சிப் பக்கம் ஒரு முகாமில் கட்டிக்கொடுத்தபோது மாப்பிள்ளை வீட்டார் பீரோ கேட்டார்கள். அப்பா மறுபேச்சில்லாமல் பெரிய பீரோவாகவே வாங்கிக் கொடுத்தார். எனக்கு ஆச்சரியம். "அது இனி அவையின்ர பாரம்" என்றார் சாவகாசமாக.

ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஆவூர்க் கோவிலுக்குப் போய்ப் பூசை முடிந்து வெளியே வந்ததும், "அடுத்த வருஷம் ஊரில" என்பார். நாங்களும் தலையாட்டுவோம். தலையாட்டித் தலையாட்டியே எனக்கு வயது முப்பதை நெருங்கிவிட்டது.

வருடத்துக்கு ஒருமுறையாவது அப்பாவுக்குக் கடல் பார்க்க வேண்டும். பெயிண்ட் அடிக்கும் வேலை இல்லாத ஒரு நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு ஜெகதாப்பட்டினத்துக்குப் பஸ் ஏறுவார். மீன் வாங்கப் போகிறோம் என்று பெயர். அங்கே விசைப்படகுகளுக்கு அப்பால் கையை நீட்டி, "அந்தா, நேரா அங்கதான் எங்கட ஊர்" என்று காட்டுவார். ஒவ்வொரு வருடமும் கை ஒவ்வொரு பக்கம் நீளும். போன தடவை வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார்.

"அய்யா, நீங்க காட்டுறது நம்ம கோடியக்கரைங்க. ஒங்க ஊரு இங்கிட்டு இருக்கு."

அப்பா கையை ஒன்றும் நடக்காததுபோல் இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நாங்கள் யார், எங்கிருந்து வந்திருக்கிறோம் என்பதெல்லாம் அந்த மனிதர் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு வலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எங்காளுக கொஞ்சம் தள்ளிப் போனாலே அங்கிட்டு நேவிக்காரன் புடிச்சு உள்ள வச்சுடுறான். அவங்க வர முடியாமக் கெடக்காங்க. நீங்க போக முடியாமக் கெடக்கீங்க. என்னங்கய்யா கணக்கு இது?"

அப்பாவும் சிரித்தார். நாங்கள் வாங்க நினைத்ததைவிட நிறைய மீனை அந்த மனிதர் எங்கள் பையில் போட்டுக் கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் எங்களுக்கு இரண்டு பேர் உட்காரும் சீட்டு முழுதாகக் கிடைத்தது. மீன் வாடைக்கு யார் பக்கத்தில் வருவார்கள்?

அம்மா இந்தக் கடல் பார்க்கும் பயணங்களுக்கு வருவதில்லை. "நான் பாத்த கடல் காணும்" என்பார், போதும் என்ற அர்த்தத்தில். ஊருக்குப் போகும் பேச்சிலும் அவர் கலந்துகொள்வதில்லை. ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். அவருக்குப் போக ஆசையா இல்லையா என்று கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்கு இருந்த ஆசையே மூன்று பேருக்குப் போதுமானதாக இருந்தது.

பிரச்சினை அம்மாவின் முழங்காலில் தொடங்கியது. தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. பாயில் படுத்தால் காலையில் சுவரைப் பிடித்துத் தவழ்ந்துதான் நிமிர்வார். கழிப்பறை முகாமின் கடைசி வரிசைக்கும் அப்பால் இருந்தது. பொதுக் கழிப்பறை, உட்கார்ந்து எழும் வகை. போய்விட்டு வந்தால் அரை மணி நேரம் வாசலில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருப்பார். புதுக்கோட்டையில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "தரையிலயே உக்காரக்கூடாதும்மா. நல்ல ஒயரமான கட்டில்ல படுங்க. வெஸ்டர்ன் டாய்லெட் யூஸ் பண்ணுங்க" என்றார். எங்கள் வீட்டில் டாக்டர் சொன்ன மூன்றில் ஒன்றுக்கும் இடமில்லை. ஒரே அறை. அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை. பக்கத்து வீட்டில் தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும்.

அப்பா சும்மா இருக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கி, அதன் நடுவில் வட்டமாக ஓட்டை போட்டு, விளிம்பைத் தீயில் காட்டி மழுங்கச் செய்து, வெள்ளை பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்து வைத்தார். வெஸ்டர்ன் கழிப்பறை தயார். கழிப்பறைக்குப் போகும்போது தூக்கிக்கொண்டு போகலாம், முடிந்ததும் தூக்கிக்கொண்டு வரலாம்.

"நல்ல கதிரை. பாரமே இல்லை" என்றார் பெருமையாக.

அம்மா அதைச் சுற்றிவந்து பார்த்தார். "இதத் தூக்கிக்கொண்டு நான் றோட்டில ஊர்வலம் போகவோ? நீங்கள் முன்னுக்கு மேளம் அடியுங்கோ, வாறன்."

பெயிண்ட் காயவில்லை என்று தெரியாமல் நான் அதில் உட்கார்ந்ததைப் பற்றி இங்கே விரிவாக எழுதப்போவதில்லை.

இந்த நேரத்தில்தான் சர்க்கார் முகாமுக்குப் பக்கத்துத் திடலில் புது வீடுகள் கட்டி முடித்தது. கான்கிரீட் வீடு. ஹால், ஓர் அறை, தனிச் சமையலறை, வீட்டோடு சேர்ந்த கழிப்பறை. கட்டும்போதே முகாமே அங்கே போய் நின்று ஜன்னலை எண்ணியது. கொத்தனாருக்கு எங்கள் ஆட்கள் சொன்ன யோசனைகளை எல்லாம் கேட்டிருந்தால் அரண்மனை எழும்பியிருக்கும். சாவி கொடுக்கும் விழாவுக்கு நாள் குறித்தார்கள். குடும்பத் தலைவர் நேரில் வந்து வாங்க வேண்டும், வராதவர்களின் வீடு காத்திருக்கும் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும் என்று அறிவித்துவிட்டார்கள். எங்கள் வீட்டின் குடும்பத் தலைவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"எங்களுக்கு வேண்டாம்" என்றார் அவர். "இது காணும். நாங்கள் போற ஆக்கள்."

"எப்பப் போறீங்கப்பா? அதையாவது சொல்லுங்க. நான் லீவு போடணும்ல?"

"கான்கிறீட்டுக்குள்ள ஏறிட்டா பிறகு ஆர் பிள்ளை இறங்கிறது? இவ்வளவு காலமும் இந்த ஓட்டைக்குள்ள இருந்தது என்னத்துக்கு? இது வீடில்லை எண்டு ஞாபகம் இருக்கவேணும் எண்டுதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் கத்தினேன். உங்களுக்கு ஞாபகம் இருப்பதற்காக அம்மா முழங்கால் தேய வேண்டுமா என்று கேட்டேன். கழிப்பறைக்குப் போகிற சந்தில் அம்மா என்றைக்காவது வழுக்கி விழுந்து எலும்பை முறித்துக்கொள்வார் என்ற பயத்திலேயே நான் கடையில் நின்றுகொண்டு ஃபிரிட்ஜ் விற்கிறேன் என்றேன். அப்பா கோழிக்கு அரிசி போடப் போனார். அவருக்குக் கோபம் வந்தால் கோழிகளுக்கு யோகம். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தார்.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் மழை. நான் பயந்தது அப்படியே நடந்தது. கழிப்பறைக்குப் போய்விட்டு வந்த அம்மா குழாயடிப் பாசியில் வழுக்கி உட்கார்ந்த வாக்கில் விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு நானும் பக்கத்து வீட்டு அக்காவும் ஓடுவதற்குள் அப்பா முதலில் போய்ச் சேர்ந்திருந்தார். கைலியை மடித்துக் கட்டினார். காலை அகட்டி வைத்தார். அம்மாவின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கினார்.

அம்மா தரையை விட்டுக் கிளம்பவில்லை.

இன்னொரு முறை மூச்சைப் பிடித்துத் தூக்கினார். அப்போதும் முடியவில்லை. அம்மா அப்படியொன்றும் பருமனான ஆள் இல்லை. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அது அவருக்கு அந்த நிமிடம் வரைக்கும் தெரியாது. சேற்றில் உட்கார்ந்தபடி அம்மா அவருடைய முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

"பாத்தியளோ? நான் தூக்கேலாத சாமான். என்ன செய்யப்போறியள்? கடல்ல போடுவியளோ?"

பக்கத்து வீட்டு அக்காவும் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்பா சிரிக்கவில்லை. நாங்கள் மூன்று பேருமாகச் சேர்ந்து அம்மாவை எழுப்பி நிறுத்தினோம். நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை. சேலையெல்லாம் சேறு, இடுப்பில் வலி. அன்று முழுவதும் அப்பா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். கோழிகளுக்குக்கூட அரிசி கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் அப்பாவைக் காணோம். விழா முடியும்வரை எங்காவது ஒளிந்துகொண்டிருப்பார் என்று நினைத்து, நான் பல்லைக் கடித்துக்கொண்டு விழாப் பந்தலுக்கு ஓடினேன். அதிகாரிகளின் காலைப் பிடித்தாவது சாவியை என் கையில் வாங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பந்தலில் இன்னும் நாற்காலிகூட முழுதாகப் போடவில்லை. ஆனால் முதல் வரிசையில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய், மடியில் இரண்டு கையும். மைக் கட்டுகிறவர், "அய்யா, கலெக்டர் வர இன்னும் ரொம்ப நேரமாகுங்க, போயி டீ சாப்புட்டு வாங்க" என்று சொல்லிப் பார்த்தும் அப்பா நகரவில்லை. நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கிட்டே போனால் ஏதாவது கிண்டல் செய்துவிடுவேன், அவர் எழுந்து போய்விடுவார் என்று பயமாக இருந்தது.

சாவியை வாங்கி, போட்டோவுக்கு நின்று, கீழே இறங்கியவர் என்னைப் பார்த்துவிட்டார். உள்ளங்கையில் சாவியைப் போட்டு லேசாக மேலும் கீழும் ஆட்டினார்.

"பாரமில்லை" என்றார்.

நாங்கள் வீடு மாறிய விதத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மற்றவர்கள் மினி வேனைக் கூப்பிட்டு இரண்டு நடை மூன்று நடை அடித்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் டீ ஆறுவதற்குள் கையிலேயே கொண்டுபோய் முடித்துவிட்டோம். ஹாலில் டிவியும், ஒரு மூலையில் பைகளும், இன்னொரு மூலையில் ஓட்டை நாற்காலியும் போக வீடு காலியாகக் கிடந்தது. பேசினால் எதிரொலித்தது. அம்மா வீட்டோடு இருந்த கழிப்பறைக் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

அடுத்தது கட்டில். எங்கள் கடையிலேயே மடக்கு இரும்புக் கட்டில் இருக்கிறது, ஒரே ஆள் தூக்கலாம் என்று அப்பாவுக்குப் பிடித்த மாதிரியே சொல்லிப் பார்த்தேன். அம்மா முதல்முறையாக வாயைத் திறந்து தனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டார். மரக் கட்டில்தான் வேண்டும் என்றார். திருவரங்குளத்திலிருந்து ஓர் ஆசாரி வேப்பமரச் சட்டங்களை இழைத்துத் தயார் செய்து வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். வாசலும் அறையும் திரும்புகிற இடம் குறுகலாக இருந்ததால், பாகம் பாகமாக அறைக்குள் கொண்டுபோய் அங்கேயே வைத்துப் பூட்ட வேண்டும் என்றார். கால்களைப் பொருத்துவதற்கு முன்னால் அப்பாவைக் கூப்பிட்டார்.

"அய்யா, போல்ட்டுப் போடட்டுங்களா, இல்ல மர முளை அடிச்சு இறுக்கிடட்டுங்களா? போல்ட்டுன்னா வேணுங்கிறப்பக் கழட்டிக்கலாம். முளை அடிச்சுட்டா பெறகு இந்த ரூமை விட்டு வெளிய வராது. அறுத்துத்தான் எடுக்கணும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஜன்னலைப் பார்த்தார். அப்பா என்ன சொல்வார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். போல்ட் என்பது இவருக்காகவே கண்டுபிடித்த சாமான்.

அப்பா சட்டத்தைத் தடவிப் பார்த்தார். "போல்ட்டுப் போட்டால் ஆடுமோ?"

"இப்ப ஆடாதுங்க. நாள்பட லூசாகும். அப்ப கொஞ்சம் ஆடும்."

"அவவுக்கு முழங்கால் ஏலாது. பிடிச்சு எழும்பேக்க ஆடக்கூடாது" என்றார் அப்பா. "இறுக்கிவிடுங்கோ தம்பி."

"பெறகு மாத்த முடியாதுங்கய்யா. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு."

ஆசாரி சுத்தியலை எடுத்தார். முதல் அடி விழுந்ததும் அப்பா வெளியே போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். வீட்டின் பின்புறச் சுவர் ஓரமாக, எங்கள் பழைய வரிசையைப் பார்த்தபடி நின்றிருந்தார். உள்ளே ஒவ்வொரு அடி விழும்போதும் அவருடைய தோள் லேசாக அசைந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் நின்றேன்.

"நாங்கள் இனிப் போகமாட்டம் பிள்ளை, என்ன?" என்றார்.

"ஆமாப்பா."

அவர் தலையை ஆட்டினார். உள்ளே சுத்தியல் சத்தம் நின்றது. ஜன்னல் வழியாக அம்மாவின் குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ, ஆடுதோ எண்டு ஒருக்கா வந்து பாருங்கோ."

அப்பா கைலி நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கட்டிலின் ஒரு பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார், கால் தரையில் படாமல். அப்பா மறுபக்கம் போய், ஒரு நிமிடம் தயங்கி, தன் முழுப் பாரத்தையும் இறக்கி உட்கார்ந்தார். கட்டில் ஆடவில்லை.